படம் இல்லாதோர் பட்டியல்

போன கிழமை எனக்கு ஒரு ஈமெயில் வந்தது. நான் இருந்த கதிரையிலை இப்ப இருக்கிற நிசா எண்ட பிள்ளை எழுதியிருந்தா. "மிஸ், இந்த வருசம் இயர்புக்குக்குப் புது சொஃப்ட்வெயர் வந்திருக்கு. படம் போடக்கூடாத பிள்ளையளின்ர முகத்தைக் குடுத்தால் காணும், எல்லாப் படத்துக்குள்ளையும் அதுவே தேடி விலக்கிப்போடும். முந்தி நீங்கள் இதை எப்பிடிக் கையாலை செய்தனீங்கள் எண்டு ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ. புது ரீம் பிள்ளையளுக்குக் காட்டினால் அவைக்குச் சிரிப்பாயிருக்கும்."

சிரிப்பாயிருக்குமாம். அதை வாசிச்சிட்டு அரை மணித்தியாலம் நான் இருந்த இடத்தை விட்டு எழும்பேல்லை. நிசாவிலை பிழை இல்லை. நல்ல பிள்ளை, கெட்டிக்காரி, அவவுக்கு என்ன தெரியும்? ரெண்டு பக்கம்தான் கேட்டவ. இது ரெண்டு பக்கத்திலை அடங்காது. ரீமுக்குக் காட்டுறதோ விடுறதோ அவவின்ர இஷ்டம்.

ஸ்காபரோவிலை ஒரு ஹை ஸ்கூல் லைப்ரரியிலை நான் இருபத்திரண்டு வருசம் வேலை செய்தனான். கனடாவுக்கு வந்து ஃபக்ரறியிலை பெட்டி ஒட்டினது, பின்னேரத்திலை கொலிஜுக்குப் போய் லைப்ரரி டெக்னீஷியன் படிப்பை முடிச்சது, ரெண்டு பள்ளிக்கூடத்திலை தற்காலிகமாய் நிண்டது, இதெல்லாம் இஞ்சை எல்லாற்றை வீட்டிலையும் உள்ள கதைதான். அதைச் சொல்லி உங்களை அலுப்பாக்கேல்லை. பிள்ளையள் என்னைச் சந்திரா மிஸ் எண்டுவினம். தமிழ்ப் பிள்ளையளுக்கு இடைக்கிடை வாய் தவறி "அன்ரி" எண்டு வந்திடும். "அன்ரி வீட்டிலை, இஞ்சை மிஸ்" எண்டு வெருட்டுவன். வெருட்டினதுதான் மிச்சம், ஒருத்தரும் பயப்பிட்டதில்லை.

இயர்புக் எண்டால் வருச முடிவிலை பிள்ளையளின்ர கையிலை குடுக்கிற தடிச்ச அட்டைப் புத்தகம். அந்த வருசம் பள்ளிக்கூடத்திலை நடந்த விளையாட்டு, நாடகம், சுற்றுலா எல்லாம் அதுக்குள்ளை படமாய் இருக்கும். ஒவ்வொரு வகுப்புப் பிள்ளையின்ர முகமும் பேரும் வரிசையாய் இருக்கும். புத்தகம் வந்த நாளிலை ஒருத்தற்றை புத்தகத்திலை மற்றவை கையெழுத்துப் போட்டு, கட்டிப்பிடிச்சு, அழுது, பெரிய ஆர்ப்பாட்டம் நடக்கும். படம் எடுக்கிறதுக்கும் பக்கம் வடிவமைக்கிறதுக்கும் பிள்ளையளின்ர ரீம் ஒண்டு இருந்தது. அதுகள் கொண்டுவந்து கொட்டுற படங்களைக் கொம்பியூட்டரிலை ஒழுங்குபடுத்தி வைக்கிறதுதான் என்ர வேலை. லேசான வேலை எண்டு நினையாதேங்கோ. ஒரு கூடைப்பந்து மட்சுக்குப் போன பிள்ளை அறுநூறு படத்தோடை வரும். அதிலை ஐந்நூறிலை பந்து இல்லை, மிச்சத்திலை தலை இல்லை. ஃபைலுக்குப் பேர் வைக்கச் சொன்னால் "ஃபைனல்" எண்டு வைக்குங்கள். பேந்து "ஃபைனல் ரூ", பேந்து "றியலி ஃபைனல்". ஒருத்தன் "மிஸ் பிளீஸ் டோன்ட் டிலீட்" எண்டே பேர் வைச்சிருந்தவன்.

இந்தக் கூத்துக்கெல்லாம் பொறுப்பாய் இருந்தவ மிஸிஸ் கோர்மன் எண்ட ஆங்கில ரீச்சர். கட்டையான மனுசி. கண்ணாடியைக் கயிறு போட்டுக் கழுத்திலை தொங்கவிட்டிருப்பா. நான் அவவோடை பதினைஞ்சு வருசம் வேலை செய்தனான், ஒரு நாளும் குரல் உயர்த்தினதைக் கேக்கேல்லை. பிழை எண்ட சொல்லே அவவின்ர வாயிலை வராது. பென்சிலின்ர பின்பக்கத்தாலை மேசையிலை ரெண்டு தரம் தட்டுவா. தட்டிப்போட்டு, "திருப்பி ஒருக்காப் பாப்பமா?" எண்டு கேப்பா. அவ்வளவுதான். ஏசினால்கூடத் தாங்கலாம், உந்தத் தட்டைத் தாங்கேலாது.

முதல் வருசம் நடந்ததைச் சொல்லுறன். எங்கடை பிள்ளையளின்ர பேருகள் தெரியும்தானே, தகப்பன்ர பேர் ஒண்டே ஒரு வரி நீளம். ஒரு பொடியன்ர பேர் படத்துக்குக் கீழை அடங்கேல்லை. நான் நல்லாய் நினைச்சுக்கொண்டு தகப்பன்ர பேரை ஒற்றை எழுத்தாக்கிப்போட்டு விட்டன். மிஸிஸ் கோர்மன் பாத்தா. டக், டக். "சந்திரா, இவர் தன்ர பேரை இப்பிடியா எழுதுறவர்?" இல்லை, இடம் காணாது எண்டன். "அப்ப எங்கடை இடம்தான் பிழை" எண்டு சொல்லிப்போட்டு, அந்தப் பக்கத்திலை உள்ள அத்தனை பேருக்கும் எழுத்தைச் சிறிசாக்கச் சொன்னா. வெள்ளைக்காரப் பிள்ளையள், சீனப் பிள்ளையள், எல்லாருக்கும். முழுப் பின்னேரமும் போச்சு. எனக்கு உள்ளுக்குள்ளை சரியான எரிச்சல், வெளியிலை வெக்கம். தமிழ்ப் பேரைத் தமிழச்சி வெட்ட, வெள்ளைக்காரி வெட்டாதை எண்டுறா. அண்டைக்குப் பிறகு அவவிலை எனக்கு ஒரு மரியாதை.

அவவின்ர முக்கியமான சட்டம் "மூண்டு தரம்". பள்ளிக்கூடத்திலை உள்ள எந்தப் பிள்ளையும் தன்ர வகுப்புப் படத்தைத் தவிர, புத்தகத்திலை மூண்டு தரமாவது வரவேணும். கெட்டிக்காரர், விளையாட்டு வீரர், வடிவான ஆக்கள் முப்பது தரம் வருவினம், அது தானாய் நடக்கும். மூலையிலை தனிய இருந்து சாப்பிடுற பிள்ளையும் மூண்டு தரம் வரவேணும். அதுக்கு என்னட்டை ஒரு பெரிய அட்டவணை. ஒவ்வொரு பேருக்கும் நேரே எந்தப் பக்கம், எந்தப் படம் எண்டு நிரப்பிக்கொண்டே வருவன். சனவரி கடைசியிலை ஆருக்கு இன்னும் மூண்டு ஆகேல்லையோ அவையைத் தேடி ரீமை அனுப்புவம்.

ஒரு தரமும் வரக்கூடாத ஆக்களின்ர சின்னப் பட்டியல் ஒண்டும் இருந்தது. அதுதான் சிவப்புப் பட்டியல். பிள்ளையின்ர படத்தைப் போட வேண்டாம் எண்டு தாய் தகப்பன் சொன்ன ஆக்கள். ஒவ்வொரு வருசமும் எட்டு, பத்துப் பேர். அவையின்ர மாணவர் அட்டைப் படங்களை ஒரு தாளிலை அச்சடிச்சு என்ர கொம்பியூட்டருக்குப் பக்கத்திலை ஒட்டி வைச்சிருப்பன். ரீம் தெரிவுசெய்த எந்தப் படமும் என்ர கண்ணைத் தாண்டித்தான் பக்கத்துக்குப் போகும். சிவப்புப் பிள்ளை ஓரத்திலை நிண்டால் வெட்டுறது. நடுவிலை நிண்டால் படத்தையே விடுறது. வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்தக் கிழமை சிவப்புப் பிள்ளையள் நிண்ட படங்களின்ர மூலத்தையும் பிரதியையும் அழிச்சு, குப்பைத்தொட்டியையும் வெறுமையாக்கி, அழிச்சாச்சு எண்டு ஒரு கொப்பியிலை கையெழுத்து வைப்பன். அவையின்ர வகுப்புப் பக்கத்தின்ர கடைசியிலை "படம் இல்லாதோர்" எண்டு ஒரு வரி வரும். அதிலை பேர் மட்டும் இருக்கும்.

இப்ப படம் போடுறதுக்கு வீட்டிலை வாங்கிற அனுமதிப் பத்திரத்தைப் பற்றிச் சொல்லவேணும். செப்ரெம்பரிலை வீட்டுக்குப் போற ஒரு தாள். அதிலை ரெண்டு கேள்வி. முன்பக்கத்திலை: பிள்ளையின்ர படத்தை இணையத்திலை, பேப்பரிலை, வெளி ஆக்கள் பாக்கிற இடத்திலை போடலாமோ? பின்பக்கத்திலை: பள்ளிக்கூடத்துக்குள்ளை மட்டும், இயர்புக் மாதிரியானதிலை போடலாமோ? ரெண்டுக்கும் தனித்தனிப் பெட்டி. முன்னுக்கு வேண்டாம் எண்டிட்டுப் பின்னுக்கு ஓம் எண்டு சொல்லலாம். பத்திரம் திரும்பி வராத தமிழ் வீடுகளுக்கு ஃபோன் கோல் எடுக்கிற வேலை என்ர தலையிலை விழுந்தது, ஏனெண்டால் ஒஃபீஸிலை தமிழ் தெரிஞ்ச ஆள் நான் ஒருத்திதான். அதிலை ஒரு விதி. ஓம் எண்டால் கையெழுத்து வேணும், தாளைத் திருப்பி அனுப்பி, பிள்ளையைத் துரத்தித் துரத்தி வாங்கவேணும். வேண்டாம் எண்டால் வாய்ச்சொல் காணும். நானே ரெண்டு பெட்டியிலையும் கோடு போட்டு, "ஃபோனிலை தாய் சொன்னது" எண்டு எழுதி, என்ர பேரை வைச்சால் அலுவல் முடிஞ்சுது.

சாருஜா எண்ட பிள்ளை எங்கடை பள்ளிக்கூடத்துக்குப் புதிசாய்ப் பதினோராம் வகுப்புக்கு வந்த வருசம், அவளின்ர தாய்க்கு நான் கோல் எடுத்தன். முப்பத்தொன்பது வீட்டுக்கு எடுக்க இருந்தது, அவ இருபதாவதோ என்னவோ. எனக்குத் தொண்டை வறண்டு போச்சு. தாய் வேலையிடத்திலை நிண்டவ, பின்னாலை மிஷின் சத்தம்.

"படம் எங்கெங்கையெல்லாம் போகும், அக்கா?"

"இன்ரநெற்றிலையும் போகலாம், பேப்பரிலையும் வரலாம்" எண்டன். முன்பக்கத்தை அப்பிடியே வாசிச்சன்.

மிஷின் சத்தம் குறைஞ்ச பக்கம் அவ தள்ளிப் போனா. பேந்து மெல்லச் சொன்னா. "எங்கடை அண்ணையைப் பள்ளிக்கூடத்திலை எடுத்த குறூப் போட்டோவைக் காட்டித்தான் பிடிச்சுக்கொண்டு போனவங்கள். அவற்றை தலையைச் சுத்தி வட்டம் போட்டிருந்தது. இண்டைக்கு வரைக்கும் ஆள் இல்லை. வேண்டாம் அக்கா. என்ர பிள்ளையின்ர படம் ஒரு இடத்திலையும் வேண்டாம்."

எனக்கு விளங்கினது. விளங்காமல் இருக்க நான் என்ன வேற்று ஊர்க்காறியோ? ஊரிலை சண்டை நேரம் எங்கடை வீட்டிலையும் அம்மா பயந்து அல்பத்தைக் கிணத்துக்குள்ளை போட்டவ. "சரி தங்கச்சி, நீங்கள் யோசியாதேங்கோ" எண்டு சொல்லி ஃபோனை வைச்சன். தாளைத் திருப்பி ரெண்டு பெட்டியிலையும் கோடு போட்டன்.

பின்பக்கத்தை நான் வாசிச்சுக் காட்டேல்லை. இதுதான் நான் சொல்ல வந்தது. "இன்ரநெற் வேண்டாம், ஆனால் பள்ளிக்கூடப் புத்தகத்திலை மட்டும் போடலாம், அது வெளியிலை போகாது" எண்டு ஒரு வசனம். கால் நிமிசமும் செல்லாது. அவ அண்ணையின்ர கதையைச் சொன்னாப் பிறகு கேக்க மனம் வரேல்லை எண்டு கனகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு இருந்தனான். அதிலை பாதிதான் உண்மை. மிச்சப் பாதி, அவ ஓம் எண்டால் இன்னொரு கையெழுத்துக்கு நான் அலையவேணும். அலுப்பு. வேற ஒண்டுமில்லை.

சாருஜாவின்ர முகம் என்ர கொம்பியூட்டருக்குப் பக்கத்திலை, சிவப்புத் தாளிலை மூண்டாவதாய் இருந்தது. அந்த வருசம் பள்ளிக்கூடத்திலை எந்தப் பிள்ளையின்ர முகமும் எனக்கு அந்த அளவுக்குப் பாடமில்லை. பக்கவாட்டிலை நிண்டாலும், முதுகு காட்டி நிண்டாலும், தலைப்பின்னலின்ர நுனி தெரிஞ்சாலும் "உது சாருஜா" எண்டு சொல்லிப்போடுவன். கண்டுபிடிச்சால்தானே அழிக்கலாம்.

அவள் எல்லாப் படத்துக்குள்ளையும் வந்து நிண்டவள், அதுதான் கரைச்சல். தோட்டக் கழகம், விவாதக் குழு, கன்ரீன் வரிசை, எங்கை பாத்தாலும் வாயைத் திறந்து சிரிச்சுக்கொண்டு நிப்பாள். நவம்பரிலை ஒரு நாள் மத்தியானம் தன்ர சிநேகிதி ஹானாவோடை லைப்ரரிக்கு வந்தவள். திரையிலை தோட்டக் கழகத்துப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

"மிஸ், நான் இதிலை நிண்டனான், ஐ ஸ்வெயர். ஹானாவுக்குப் பக்கத்திலை. வேர் டிட் ஐ கோ?"

விசயத்தைச் சொன்னன். அம்மா வேண்டாம் எண்டவ எண்டு. கோவிப்பாள் எண்டு நினைச்சன். அவள் சிவப்புத் தாளைக் குனிஞ்சு பாத்தாள், தன்ர முகத்தைக் கண்டாள். "ஓ, வாண்டெட் லிஸ்ட்!" எண்டு விழுந்து விழுந்து சிரிச்சாள்.

பத்து நாளாலை திரும்பி வந்தவள், இந்த முறை தனிய. "அம்மாட்டைக் கேட்டனான் மிஸ். மாமாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கி அழுதிட்டா. நான் இனிக் கேக்கேல்லை." அப்ப எனக்குப் பின்பக்கப் பெட்டி ஞாபகம் வந்தது. வரேல்லை எண்டு சொன்னால் பொய். ஆனால் அவளின்ர வகுப்பு, கழகப் பக்கங்கள் பாதி முடிஞ்சுபோச்சு, அட்டவணையைத் திருப்பித் திறக்கவேணும், மிஸிஸ் கோர்மன் ஏன் முதலே கேக்கேல்லை எண்டு பென்சிலாலை தட்டுவா. "அடுத்த வருசம் உனக்குக் கிறாட், கடைசி வருசம் எல்லே? அப்ப நானே அம்மாவோடை கதைக்கிறன்" எண்டன்.

"டீல்" எண்டு கையை நீட்டினாள். நானும் குடுத்தன்.

அதுக்குப் பிறகு அவள் ஒரு காரியம் செய்தவள். குறூப் படம் எடுக்கேக்கை எல்லாரும் நடுவுக்கு இடிபடுவினம். அவள் தானாய்ப் போய் ஓரத்திலை நிப்பாள். ரீமிலை உள்ள பிள்ளையள் வந்து சொல்லிச் சிரிச்சவை. நான் அவளைக் கேட்டன், ஏன் பிள்ளை இப்பிடி எண்டு. "நடுவிலை நிண்டால் எல்லாற்றை படமும் போயிடும் மிஸ். ஓரத்திலை நிண்டால் உங்களுக்கு வெட்டச் சுகம்."

"நல்ல பிள்ளை" எண்டன். அப்பிடித்தான் சொன்னன். நல்ல பிள்ளை.

மே மாதம் ஒரு திங்கட்கிழமை காலமை, அவையின்ர அப்பாட்மென்ற் இருந்த வோபர்னிலை பஸ்ஸைப் பிடிக்க ரோட்டைக் கடந்தவளை வாகனம் அடிச்சுது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முதலே உயிர் போட்டுது. ரெண்டாம் பாடத்துக்கிடையிலை பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிஞ்சுபோச்சு. ஹானா லைப்ரரி நிலத்திலை இருந்து, கதிரைக் காலைப் பிடிச்சுக்கொண்டு கத்தினதுதான் எனக்கு ஞாபகம். நான் என்ன செய்தன் எண்டு ஞாபகமில்லை.

புத்தகம் ஏற்கெனவே அச்சுக்குப் போட்டுது. ஒரு எழுத்தும் மாத்தேலாது. மிஸிஸ் கோர்மன் தாய் குடுத்த ஒரு வீட்டுப் படத்தை வைச்சுத் தனித் தாள் ஒண்டு அச்சடிச்சு, ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளையும் தன்ர கையாலை செருகினா. புத்தகம் குடுத்த அடுத்த நாள் கொரிடோரிலையும் பஸ் தரிப்பிடத்திலையும் அந்தத் தாள்கள் விழுந்து கிடந்தது. பிள்ளையள் வேணுமெண்டு செய்யேல்லை, ஒட்டாத தாள் விழும்தானே. நான் பொறுக்கிக்கொண்டு போனன். பதினேழு தாள்.

ஜூன் நடுப்பகுதியிலை தாய் வந்தா. ரஞ்சி எண்டு பேர். முதியோர் இல்லத்திலை வேலை, அந்த உடுப்போடையே வந்திருந்தா. முகத்தைப் பாத்தால் நித்திரை கொண்டு கனநாள் எண்டு தெரிஞ்சுது. கையிலை புத்தகம், மிஸிஸ் கோர்மன் வீட்டை கொண்டுபோய்க் குடுத்தது. என்ர மேசைக்கு முன்னாலை இருந்து அதைத் திறந்து, வகுப்புப் பக்கத்தின்ர கடைசியிலை விரலை வைச்சா.

"இதிலை என்ன அக்கா எழுதிக் கிடக்கு?"

"படம் இல்லாதோர் எண்டு, தங்கச்சி."

அவளின்ர முழுப் பேரும் இருந்தது, ஒரு எழுத்தும் குறையாமல். ரஞ்சி அதையே பாத்துக்கொண்டிருந்தா.

"வீட்டுப் படம் கனக்க இருக்கு அக்கா. பிறந்தநாள், கோயில், கலியாண வீடு. எல்லாத்திலையும் எங்களுக்குப் பயந்து அடக்கமாய் நிக்கிறாள். பள்ளிக்கூடத்திலை எப்பிடி இருந்தவள் எண்டு எனக்குத் தெரியாது. ரெண்டு வேலை. ஒரு நாள் வந்து பாக்கேல்லை. செத்தவீட்டுக்கு வந்த பிள்ளையள் எல்லாம் சொல்லுதுகள், அவள் சரியான பகிடிக்காறியாம், அவள் சிரிச்சால் மூண்டு கிளாசுக்குக் கேக்குமாம். என்ர பிள்ளையோ எண்டு எனக்கு ஆச்சரியமாய்க் கிடக்கு. அந்தச் சிரிப்பு ஒரு படத்திலையாவது இருக்கோ? நான் வேண்டாம் எண்டு சொன்னதுதான். தெரியும். எண்டாலும் எங்கையாவது ஒண்டு கிடக்குமோ எண்டு..."

தேடிப் பாக்கிறன் எண்டு சொன்னன். நானும் மிஸிஸ் கோர்மனும் ரெண்டு நாள் தேடினம். கமெராக் கார்டுகள், ரீம் பிள்ளையளின்ர கொம்பியூட்டர், பழைய டிரைவுகள், ஒண்டும் விடேல்லை. ஹானாவையும் மற்றச் சிநேகிதியளையும் கேட்டம். அதுகள் ஆளுக்காள் அனுப்பினதெல்லாம் ஒரு நாளிலை தானாய் அழியிற படங்கள். நான் என்ர வேலையை அவ்வளவு சுத்தமாய்ச் செய்திருந்தன். கொப்பியைத் திறந்து பாத்தால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என்ர கையெழுத்து, ஒரு கிழமையும் தவறேல்லை.

தேடேக்கை மிஸிஸ் கோர்மன் அனுமதிப் பத்திரக் கோப்பையும் எடுத்தவ. சாருஜாவின்ர தாளை ரெண்டு பக்கமும் பாத்தா. ரெண்டு கோடும் என்ர பேனை, என்ர எழுத்து. தாய் சொன்னது எண்ட வசனத்திலை நிண்டு வாசிச்சா. நான் பென்சில் தட்டுறதுக்குக் காத்துக்கொண்டிருந்தன். தட்டேல்லை. தாளைத் திருப்பி வைச்சிட்டு என்ர தோளிலை கையை வைச்சிட்டுப் போனா. நான் பின்பக்கத்தைக் கேக்கேல்லை எண்டு அவவுக்கு விளங்கியிருக்கும். அந்த ஒரு முறை அவ தட்டியிருந்தால், நான் அப்பவே வாயைத் திறந்திருப்பன் எண்டு நினைக்கிறன்.

கடைசியிலை ஒண்டு கிடைச்சுது, அதுவும் அச்சடிச்ச புத்தகத்துக்குள்ளையே. தோட்டக் கழகத்துப் படம். ஓரத்திலை நிண்ட சாருஜாவை நான் வெட்டியிருந்தன். ஆனால் அவள் ஹானாவைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிண்டவள், ஹானாவின்ர தோளிலை அவளின்ர கை கிடந்தது. அதையும் வெட்டப் போனால் ஹானாவின்ர முகம் போயிடும் எண்டு விட்டிட்டன். ஆரும் கவனிக்கமாட்டினம் எண்டு நினைச்சன். ஆள் இல்லாமல், ஓரத்திலை இருந்து நீண்டு வந்த ஒரு கை. நாலு விரல்.

அதைப் பெரிசாக்கி அச்சடிச்சு ரஞ்சியின்ர கையிலை குடுத்தன். ரஞ்சி ஒரு பார்வையிலை கண்டுபிடிச்சா. சுண்டுவிரலுக்குக் கிட்ட ஒரு சின்னத் தழும்பு. "நான் வேலையாலை வரப் பிந்தினால் தானே ஒவனிலை வைச்சுச் சமைப்பாள். பத்து வயசிலை ட்ரேயிலை சுட்டது" எண்டா. அந்தத் தாளைக் கன்னத்திலை வைச்சுக்கொண்டு இருந்தா. பேந்துதான் வாயைத் திறந்தா. "நானே என்ர பிள்ளையை அழிச்சுப்போட்டன் அக்கா. உயிரோடை இருக்கேக்கையே. அண்ணையை வட்டம் போட்டுக் கொண்டு போனாங்கள் எண்டு பயந்து, என்ர பிள்ளையை நானே வெட்டி எறிஞ்சிட்டன்."

இல்லை தங்கச்சி, நீங்கள் இல்லை, நான் எண்டு அந்த இடத்திலை சொல்லியிருக்கவேணும். வாய் வரைக்கும் வந்தது. "அப்பிடிச் சொல்லாதேங்கோ" எண்டு மட்டும் சொன்னன். எவ்வளவு கேவலமான வசனம். அவவைத் தேற்றுற மாதிரிச் சொல்லிக்கொண்டு, என்னைக் காப்பாத்தினன். வேலை போயிடும் எண்டு பயமோ, அவவின்ர முகத்தைப் பாக்கப் பயமோ, இப்பவும் எனக்குத் தெரியேல்லை.

அதுக்குப் பிறகு நாலு வருசம் வேலை செய்தன். ஒவ்வொரு கோலிலையும் பின்பக்கத்தை ரெண்டு தரம் வாசிச்சன். சில தாய்மார் அலுத்து, "ஓம் ஓம், விளங்குது, வையுங்கோ" எண்டு ஏசுவினம். ஏசட்டும். ரிரயர் பண்ணின நாளிலை எல்லாரும் கேக் வெட்டி, சந்திரா ஒரு ஃபைலையும் துலைச்சதில்லை எண்டு புகழ்ந்தினம். நான் தலையாட்டிக்கொண்டு கேக்கைத் திண்டன்.

நிசாவின்ர ஈமெயில் வந்து ரெண்டாம் நாள் நான் ஸ்காபரோவுக்குக் கிழக்கை உள்ள அஜக்ஸுக்கு ரயில் எடுத்தன். ரஞ்சியும் அவவின்ர மற்றப் பிள்ளையான மகனும் வோபர்ன் அப்பாட்மென்றை விட்டு அங்கை வீடு வாங்கிப் போட்டினம் எண்டு கேள்விப்பட்டிருந்தன். தெரிஞ்ச ஒராளிட்டை நம்பர் வாங்கி, வரலாமோ எண்டு கேட்டனான். "வாங்கோ அக்கா, ஏன் கேக்கிறியள்" எண்டா. ரயிலிலை முழுக்க என்ன சொல்லுறது எண்டு மனசுக்குள்ளை சொல்லிப் பாத்துக்கொண்டு போனன். அங்கை போய்ச் சேர எல்லாம் மறந்துபோச்சு.

அவ தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து வைச்சா. தலை நல்லாய் நரைச்சிருந்தது. சுவரிலை சாருஜாவின்ர வீட்டுப் படம், அதுக்குப் பக்கத்திலை கண்ணாடி போட்டு அந்தக் கை. நான் கப்பைத் தொடாமல் சொல்லத் தொடங்கினன். பத்திரத்திலை ரெண்டு பக்கம் இருந்தது. ரெண்டாம் பக்கம் பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு மட்டும். அதை நான் உங்களிட்டைக் கேக்கேல்லை. கேக்காமல் நானே கோடு போட்டன். பேந்து பிள்ளை வந்து நிண்டவள், அப்பவும் ஞாபகம் வந்தது, அப்பவும் சொல்லேல்லை. நீங்கள் வந்து அழேக்கையும் சொல்லேல்லை.

ரஞ்சி குறுக்கை ஒண்டும் கேக்கேல்லை. முடிஞ்சாப் பிறகு சுவரிலை இருந்த அந்தக் கையைத் திரும்பிப் பாத்தா.

"நீங்கள் கேட்டிருந்தால்," எண்டா கடைசியிலை, "நான் ஓம் எண்டு சொல்லியிருப்பன்."

மன்னிப்புக் கேக்க வாயெடுத்தன். அவ கையைக் காட்டி நிப்பாட்டினா.

"இருங்கோ அக்கா. அவள் போன நாள் தொடக்கம் ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி நான் என்னைத்தான் ஏசுறனான். பாவி, நீதானே வேண்டாம் எண்டனீ எண்டு. இனி உங்களை ஏசலாம் என்ன?"

"ஏசுங்கோ, தங்கச்சி."

"நாளைக்கும் ஏசுவன்."

"ஓம். நாளைக்கும்."

அவ முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினா. செத்தவீட்டிலையும், பள்ளிக்கூடத்திலையும் நான் கண்ட அழுகை இல்லை இது, சத்தம் போட்டு, மேசையிலை அடிச்சு, என்ர பேரைச் சொல்லிச் சொல்லி ஏசி அழுதா. நான் எழும்பேல்லை. அவ ஏசி முடியும் வரைக்கும் முன்னாலை இருந்து கேட்டுக்கொண்டு இருந்தன்.